மூன்றாவது தூணருகே நான் அசையாமல் நின்றது பற்றி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை அலுவலர் என் அடையாள அட்டையைப் பார்த்து முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். வயது நாற்பத்தொன்று. தொழில், போன் பழுது பார்க்கும் கடை. கடை என் பெயரிலும் என் நாத்தனார் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. நாத்தனார் என்பவர் என் கணவரின் தங்கை. நான் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நல்ல நினைவோடு கீழ்க்கண்டவற்றைச் சொல்கிறேன்.

எங்கள் கடையில் தீப்பிடித்தபோது வணிக வளாகத்தின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சியைக் காவல் நிலையத்தில் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் அடித்தளத்துக்கு வண்டிகள் இறங்கும் சரிவுப் பாதையின் மேல், மூன்றாவது தூணருகே, ஒரு பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கீழேயிருந்து புகை ஏறி வருகிறது. அவள் நகரவில்லை. அந்தப் பெண் நான்தான். "என் பொண்டாட்டி உள்ள வெந்துக்கிட்டிருக்கா, இவங்க வெளிய நின்னு கதை பேசிக்கிட்டிருக்காங்க" என்று நாத்தனாரின் கணவர் புகார் கொடுத்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் படத்தில் சத்தம் கிடையாது. அதை மட்டும் பார்த்தால் நானும் அப்படித்தான் புகார் கொடுத்திருப்பேன்.

எங்கள் கடை வளாகத்தின் அடித்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே சிக்னல் சுத்தமாக வராது. சிக்னல் சரி செய்கிற கடைக்கே சிக்னல் இல்லையா என்று வருகிறவர்கள் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். ஆகவே ஒரு போனைச் சரி செய்த பிறகு அது சிக்னல் பிடிக்கிறதா என்று பார்க்க, யாராவது ஒருவர் சரிவுப் பாதையில் ஏறி வெளியே போக வேண்டும். மேலே போனாலும் எல்லா இடத்திலும் வராது. மூன்றாவது தூணுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடத்தில் வரும். கொஞ்சம் தள்ளி நின்றால் போய்விடும். ஏன் என்று எனக்குத் தெரியாது. நாத்தனாருக்கும் தெரியாது. ஏறி இறங்குவது எப்போதும் என் வேலை, ஏனென்றால் உட்கார்ந்து ஈயம் உருக்கி போனின் பாகங்களைப் பற்றவைக்கத் தெரிந்தவள் அவள். எந்நேரமும் ஒரு கண்ணில் உருப்பெருக்கி மாட்டியிருப்பதால் அவளை வீட்டில் எல்லோரும் பூதக்கண்ணாடி என்போம். நாள் முழுக்கத் தூணருகே நிற்பதால் அவள் எனக்கு டவர் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

கடையில் ஒரு போன் உண்டு. அதற்கு முதுகு மூடி கிடையாது, சிம் கிடையாது, ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருக்கும். மற்ற போன்களிலிருந்து கழற்றிய மைக், ஸ்பீக்கர், ஆன்டெனா இவற்றில் எது நல்லது எது கெட்டது என்று அதில் மாட்டித்தான் பார்ப்போம். அதை நாங்கள் பொணம் என்று சொல்வோம். அன்று என் கையில் இருந்தது அந்தப் போன்தான்.

சம்பவம் நடந்தது விடுமுறை நாள் பிற்பகலில். வளாகத்தில் வேறு கடை எதுவும் திறந்திருக்கவில்லை. மொத்தமாக வந்த பழைய போன்களை மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் வந்திருந்தோம். ஆள் இல்லாத நாளில் கடை திறந்து கிடந்தால் யாராவது வந்து சார்ஜர் கேட்டு உயிரை வாங்குவார்கள். அதனால் நான் மேலே போகும்போதெல்லாம் அவள் பொத்தானை அழுத்தி மோட்டார் ஷட்டரை இறக்கிவிடுவாள். நான் வந்து தட்டினால் உள்ளேயிருந்து ஏற்றுவாள். இது எங்கள் வழக்கம். இதில் ஆபத்து இருக்கிறது என்று இருவருக்கும் அன்றுவரை தோன்றியதில்லை.

வீங்கிப்போன பேட்டரிகளை அவள் உட்காரும் மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு வைத்திருந்தோம். அவற்றை எடுத்துப் போகிற ஆள் அந்த மாதம் வரவில்லை. அதை வெளியே வைக்கலாமே என்று நான் கேட்டேன். திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவள் சொன்னாள். நானும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அவள் ஒரு ஆன்டெனாவைப் பொணத்தில் மாட்டி, "அண்ணி, உயிர் வருதான்னு பாத்துட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். என் சொந்தப் போன் உள்ளே மேசையில் சார்ஜில் இருந்தது. நான் பொணத்தை எடுத்துக்கொண்டு மேலே போனேன். என் பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

தூணருகே போய் நின்ற கொஞ்ச நேரத்தில் கீழே பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. டயர் வெடித்தது போல இருந்தது. அதைத் தொடர்ந்து இன்னும் சில சத்தங்கள் வந்தன. டயர் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான் கீழே ஓடினேன். அதற்குள் மின்சாரம் துண்டிக்கப்பட்டு அடித்தளம் இருட்டாகிவிட்டது. ஷட்டரின் ஓரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. அந்த நெடி தொண்டையைப் பிடித்தது.

மின்சாரம் இல்லாவிட்டால் ஷட்டரை ஏற்ற உள்ளே ஒரு சுற்றுக் கைப்பிடி இருக்கிறது. அவள் அதைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஷட்டர் ஒரு சாண் உயரம் ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்து மாட்டிக்கொண்டது. "அண்ணி, சுத்த மாட்டேங்குது, சுத்த மாட்டேங்குது" என்று கத்தினாள். நான் இடுக்கில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். முதுகைக் கொடுத்தும் தூக்கிப் பார்த்தேன். அது அசையவில்லை. உள்ளே பின்பக்கம் தீ எரிவது இடுக்கு வழியாகத் தெரிந்தது.

அதன் பிறகு, வண்டி கழுவும் குழாயில் என் துப்பட்டாவை நனைத்து இடுக்கு வழியாக உள்ளே தள்ளினேன். "தரையோட படு. இதை மூஞ்சில போத்திக்க. மூக்கை இடுக்குல வை" என்றேன். அவள் படுத்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அப்போது அவள் கை வெளியே வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

போன் பேச வேண்டுமென்றால் நான் மேலே போயாக வேண்டும். அதைச் சொன்னேன். "போவாதீங்க அண்ணி. எனக்குப் பயமா இருக்கு. போவாதீங்க" என்றாள். நான் திரும்பவும் சொன்னேன். அவள் விடவில்லை. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் கையை எடுத்துக்கொண்டேன். அங்கே கேமரா இல்லை. நான் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியப் போவதில்லை. இருந்தாலும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுந்து ஓடும் முன்பு, "கையில கிடைக்கறதை எடுத்து ஷட்டரைத் தட்டிக்கிட்டே இரு, நிறுத்தாதே, நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்று சொன்னேன். அவள் தட்ட ஆரம்பித்தாள்.

மேலே வந்து தொண்டை கிழியக் கத்தினேன். சரிவுப் பாதை இருக்கும் பின்பக்கத்தில் இருப்பவை எல்லாம் கிடங்குகள், பூட்டியிருந்தன. காவலாளி விடுமுறை நாளில் முன் வாசலில் உட்காருவார். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனால்தான் அவரைப் பிடிக்க முடியும். ஓடுவதா, போன் செய்வதா என்று ஒரு நொடி தத்தளித்தேன். போன் செய்வது என்று முடிவு செய்து தூணருகே போய் நின்றேன்.

பொணத்தின் திரையில் சேவை இல்லை என்று இருந்தது. சிக்னல் போய்விட்டது என்று வருகிறவர்களுக்கு நான் தினமும் வாய் வலிக்கச் சொல்வது ஒன்று உண்டு: ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுங்கள், அதற்கும் வராவிட்டால் அணைத்துப் போடுங்கள், பதறாதீர்கள். பதறாதீர்கள் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்! ஏரோப்ளேன் மோடைப் போடப் போனால் விரல் வேறெங்கோ பட்டது. இரண்டாம் முறை போட்டேன், எடுத்தேன். வரவில்லை. அணைத்துப் போட்டேன். கருப்புத் திரையில் கம்பெனி முத்திரை வந்து அப்படியே நின்றது. கீழே அவள் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த முத்திரையைப் பார்த்து நான் கெஞ்சினேன், திட்டினேன், வாயில் வரக்கூடாத வார்த்தை எல்லாம் வந்தது. போன் எழுந்தது. மறுபடியும் சேவை இல்லை என்றே காட்டியது.

அதன் பிறகுதான், அவள் ஆன்டெனாவைச் சும்மா வைத்து மட்டும் கொடுத்திருக்கிறாள், திருகு போடவில்லை என்பது புத்தியில் உறைத்தது. ரப்பர் வளையத்தைத் தள்ளிவிட்டு, ஆன்டெனாவின் தகடு தொடும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரு கோடு வந்தது. அவசர அழைப்புகள் மட்டும் என்று காட்டியது. விரலைத் தளர்த்தினேன், போய்விட்டது. மறுபடி அழுத்தினேன், வந்தது. சிம் இல்லாவிட்டாலும் அவசர எண்ணுக்குப் பேசலாம் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். முழங்கையைத் தூணில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, விரலை எடுக்காமல், அந்த எண்ணை அழுத்தினேன். படத்தில் நான் சிலை மாதிரி நிற்பது இதனால்தான்.

ஒரு பெண் எடுத்தார். நான் ஹலோ என்றதும், "மறுபடியும் இந்த போனா? ஒன்னு ரெண்டு மூணு சொல்லி விளையாட உங்களுக்கு வேற இடம் கிடைக்கலையா? நிஜமாவே உயிர் போற ஜனங்க லைன்ல காத்துக்கிட்டிருக்காங்க. இன்னொரு தடவை வந்தா கேஸ் போடச் சொல்லிடுவேன்" என்று மூச்சு விடாமல் திட்டிவிட்டு வைத்துவிட்டார்.

இதற்குக் காரணம் சொல்ல வேண்டும். நாத்தனார் ஒரு மைக்கைப் பொணத்தில் மாட்டினால், அது வேலை செய்கிறதா என்று பார்க்க அவசர எண்ணுக்கு அடிப்பாள். அங்கே யாராவது எடுத்ததும் "ஒன்னு, ரெண்டு, மூணு, கேக்குதா?" என்று கேட்டு, கேட்கிறது என்று பதில் வந்தால் வைத்துவிடுவாள். வேண்டாம் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். "வேற யாரு அண்ணி உடனே எடுக்கறாங்க?" என்பாள். சிம் இல்லாத போனை யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். போனின் அடையாள எண் அவர்கள் திரையில் தெரியும் என்பதை நிலையத்தில் அலுவலர் சொல்லித்தான் நானே அறிந்துகொண்டேன்.

அந்தத் தூணருகே நின்றபோது எனக்கு இது எதையும் யோசிக்க நேரமில்லை. என்னை அறியாமல் சிறுநீர் பிரிந்துவிட்டது. இதையும் எழுதச் சொன்னேன், நான் கதை பேசிக்கொண்டு நின்றதாகச் சொல்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். கீழே தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் மறுபடி அழைத்தேன். அதே பெண் எடுத்தார். பொய் சொன்னாலும் வைத்துவிடுவார், கெஞ்சினாலும் வைத்துவிடுவார் என்று தோன்றியது. "அதே போன்தாங்க. தினம் ஒன்னு ரெண்டு மூணு சொல்லுவாளே, அவதான் உள்ள மாட்டிக்கிட்டா. கடை எரியுது. வெச்சுடாதீங்க" என்றேன்.

வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். அதன் பிறகு அவர், "பின்னாடி அது என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"அவதாங்க தட்றா. ஷட்டருக்கு உள்ள இருந்து" என்றேன்.

அவர் குரல் மாறிவிட்டது. இடத்தைக் கேட்டார், சொன்னேன். எத்தனை பேர் உள்ளே என்று கேட்டார், ஒருத்தி என்றேன். முன் வாசலிலிருந்து அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டு விடுமுறை நாளில் பூட்டியிருக்கும், வண்டி பின் சந்து வழியாக வந்தால்தான் சரிவுப் பாதைக்கு வர முடியும் என்று சொன்னேன். அந்தச் சந்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. அவர், "வண்டி கிளம்பியாச்சு. உங்க போன்ல சிம் இல்லை, லைன் போச்சுன்னா நாங்க திருப்பிக் கூப்பிட முடியாது. வழி சொல்ல உங்களை விட்டா ஆளில்லை. அசையாம நில்லுங்கம்மா" என்றார். நான் நின்றேன்.

கட்டைவிரல் மரத்துப்போனது. விரலை மாற்றப் பயமாக இருந்தது. புகை முதலில் வெள்ளையாக வந்தது, பிறகு கறுத்தது. தட்டும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "தட்டு, நிறுத்தாதே, வந்துட்டாங்க" என்று பொய் சொன்னேன். ஒரு தடவை தட்டினாள். அதன் பிறகு சத்தம் நின்றுவிட்டது.

நான் போனில், "சத்தம் நின்னுடுச்சுங்க. நான் கீழ போறேன்" என்றேன். அந்தப் பெண்ணும் அழுகிற குரலில்தான் பேசினார். "வண்டி முன் வாசல் ரோட்டுலதாம்மா வந்துக்கிட்டிருக்கு. நீங்க எங்க திரும்பணும்னு சொல்லணும். நீங்க போனா அவங்க முன் வாசல்ல நின்னுடுவாங்க. போங்கன்னு என்னால சொல்ல முடியல, நில்லுங்கன்னும் சொல்ல முடியல" என்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. என் கால் சரிவுப் பாதையைப் பார்த்தே திரும்பியிருந்தது, அதைப் படத்திலும் பார்க்கலாம். கீழே போனால் என்னால் ஷட்டரைத் தூக்க முடியாது, முன்பே முயன்று பார்த்துவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவள் கேட்டதும் அதைத்தான். ஒருவேளை அவள் போகிறாள் என்றால், தனியாகப் போகிறாள். இதையெல்லாம் நினைத்தேன். நினைத்துக்கொண்டே, இரும்புக் கடைக்கு முன்னால் இடது பக்கம், நீலக் கதவுக் கிடங்கைத் தாண்டி வலது பக்கம், மதிலை ஒட்டியே நேராக வரச் சொல்லுங்கள் என்று சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டார். நான் இரண்டாம் முறையும் சொன்னேன். இந்த நேரம் முழுவதும் கீழே சத்தம் இல்லை.

சந்து முனையில் தீயணைப்பு வண்டி திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கட்டைவிரலை எடுத்தேன். போனை அங்கேயே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். இடுக்கில் கையை விட்டுத் துழாவினேன். ஈரத் துணி தட்டுப்பட்டது, அதற்கடியில் அவள் முகம் தட்டுப்பட்டது. மூச்சு இருக்கிறதா என்று என் கைக்குத் தெரியவில்லை. வீரர்கள் என்னைப் பிடித்து இழுத்துவிட்டு ஷட்டரை வெட்டினார்கள். அவளை வெளியே எடுத்ததும், நாடி இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். காவலாளி சைரன் கேட்டு அப்போதுதான் ஓடி வந்தார்.

அதன் பிறகு அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். கால்களிலும் முதுகிலும் தீக்காயம் இருக்கிறது. நுரையீரலில் புகை புகுந்திருப்பதால் குழாய் வழியாக மூச்சு கொடுக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. பிழைப்பதற்கு வாய்ப்பு இருக்கிறது, நாளை குழாயை எடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். அது எனக்குச் சாதகமான பேச்சு என்று அலுவலர் சொன்னதால் இங்கே சேர்த்திருக்கிறேன். அவசர எண்ணுக்கு விளையாட்டாக அழைத்தது அவள் செய்த தப்பு. கடையில் கூட்டாளி என்ற முறையில் அதற்கு நானும் பதில் சொல்கிறேன். பேட்டரி டிரம் விஷயத்திலும் அப்படித்தான்.

எழுதியதை அலுவலர் எனக்குப் படித்துக் காட்டினார். அதில், 'பயத்தில் செய்வதறியாது அங்கேயே நின்றுவிட்டேன்' என்று ஒரு வரி இருந்தது. அப்படி நான் சொல்லவில்லை, அடித்துவிடுங்கள் என்றேன். "அந்த வரி இருந்தா உங்களுக்குத்தாம்மா நல்லது, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பயந்தது உண்மை. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் நிற்கவில்லை. கீழே போகாவிட்டால் அவள் தனியாகச் சாகலாம் என்று தெரிந்துதான் நின்றேன். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாத்தனாருக்கு நினைவு வந்ததும் அவளிடமும் வாக்குமூலம் வாங்குவீர்கள். அதற்கு முன்பு, அவள் விரல்களைப் பிரித்துவிட்டுப் போனதையும், சத்தம் நின்ற பிறகும் நான் இறங்கி வராததையும், என் வாயால் அவளிடம் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும். அந்தப் படத்தை யாரும் அவளுக்கு முதலில் காட்டிவிட வேண்டாம். நான் சொன்ன பிறகு அவள் என்னைப் பற்றி என்ன சொல்கிறாளோ, அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் உள்ளவை எல்லாம் நடந்தவை, நான் சொன்னவை. ஒன்றையும் கூட்டவில்லை, மறைக்கவில்லை. படிக்கக் கேட்டு, வேண்டிய இடத்தில் திருத்தி, சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)